மயிலாயி மூட்டையில என்ன இருந்துச்சு

தலகாணியைக் கட்டிப்பிடிச்சுக்கோ. கண்ணை மூடு, காதை மட்டும் தொறந்து வை. நடுநடுவுல "ம்" போடணும். போடலைன்னா நான் சுவத்துக்கா கதை சொல்றேன்னு எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா.

"ம்."

ஒரு ஊர்ல, பழனி மலைக்கு ஏழு நாள் நடை தூரத்துல இருந்த ஒரு ஊர்ல, ஒரு மயிலாயி இருந்தா. ஊரு பேரு வாகைப்பட்டி. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்கு அங்கேர்ந்து பழனிக்கு நடந்தே போவாங்க. செருப்புப் போட மாட்டாங்க, அது அவங்க வழக்கம். பங்குனி வெயில்ல தார் ரோடு சும்மாவா இருக்கும்? சுர்ர்ருன்னு சுடும். அதனால பழைய வேட்டியைக் கிழிச்சுக் கால்ல சுத்திக்கிட்டு நடப்பாங்க.

மயிலாயி ஆறு வருஷமா நடந்தவ. ஒரு கொப்புளம் வந்ததில்ல, ஒரு நாளு வண்டி ஏறினதில்ல. எல்லாரும் மலையடிவாரத்துல வந்து பொத்துன்னு விழுவாங்க, இவ மட்டும் இப்பத்தான் குளிச்சுட்டு வந்தவ மாதிரி நிப்பா. அதனால அந்த வருஷம் புதுசா மாலை போட்ட பத்துப் பொம்பளைங்களும், "மயிலு, நீதான் எங்களைக் கூட்டிட்டுப் போகணும்"னு வந்து நின்னாங்க. அவளும் "அதுக்கென்ன, வாங்க, நான் கொண்டு போய்ச் சேக்குறேன்"னுட்டா. அவளுக்கு அவ மேல அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் பத்துப் பேருல ரஞ்சிதம்னு ஒரு சின்னப் பொண்ணு. ஒரு வயசுல புள்ளை வச்சிருந்தா. அந்தப் புள்ளை பொறந்தப்போ பொழைக்குமா பொழைக்காதான்னு கெடந்துச்சு. அப்போ வேண்டிக்கிட்டா. "முருகா, என் புள்ளையக் காப்பாத்து. நான் கால் நடையா வந்து, உத்திரத்தன்னைக்கு உன் மலையில அவனுக்கு முதல் முடி எறக்குறேன்"னு. புள்ளை பொழைச்சுக்கிருச்சு. இப்போ இவ நடந்து போவா, உத்திரத்தன்னைக்குக் காலையில இவ புருஷன் புள்ளையத் தூக்கிட்டு பஸ்ஸுல வந்துருவான். அப்படிப் பேச்சு.

"ம்."

கெளம்புறதுக்கு மொத நாளு. பத்துப் பேரும் மயிலாயிகிட்ட வந்து, "என்னென்ன எடுத்துக்கணும்?"னு கேட்டாங்க. அவ என்ன சொன்னா தெரியுமா? "அவங்கவங்க ஒடம்புக்கு என்ன வேணுமோ அதை எடுத்துக்கங்க"ன்னா. சொன்னது நல்ல வார்த்தைதான். ஆனா சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா பாரு, அதுதான் வெனை.

"கதவை ஏன் சாத்துறா? என்னமோ சூட்சுமம் வச்சிருக்கா!"ன்னா காத்தாயி. காத்தாயி யாருன்னு கேக்குறியா? பத்துப் பேருல அவதான் பெரிய வாயி. தெருமுனையில தும்மினா ஊரு எல்லையில "நூறாயுசு"ம்பாங்க, அப்பேர்ப்பட்ட தொண்டை. வயசுல மயிலாயிக்கு மூத்தவ, மதினி முறை.

உள்ள மயிலாயி நிதானமா மூட்டை கட்டிக்கிட்டிருந்தா. மாத்துச் சேலை ஒண்ணு. போர்வை எடுக்கலாமா வேண்டாமான்னு தூக்கிப் பாத்தா, கனமா இருந்துச்சு, சேலையே போர்வை போதும்னு கீழ வச்சுட்டா. சின்னக் குப்பியில வேப்பெண்ணெய். ஊசியும் நூலும், கொப்புளம் வந்தா கோத்து விட. டார்ச் லைட்டு. ஒரு சுக்குத் துண்டு. ஒவ்வொண்ணையும் கையில எடுத்து, "நீ வர்றியா? நீ வேண்டாம், இரு"ன்னு அதுங்ககிட்டயே பேசிக்கிட்டிருந்தா.

அப்போ டொக் டொக் டொக். காத்தாயி! "ஒரு கரண்டி உறைமோர் இருக்கா?"ன்னா. கேட்டது மோரு, கண்ணு போனது மூட்டை மேல. அங்க என்ன இருந்துச்சு? ஒரு பழைய சேலைத் துணி, ஏழு மடிப்பா மடிச்சு, சரக் சரக்னு தைச்சு, இடது குதிகாலுக்கு அளவா ஒரு மெத்தை. "ஓகோ"ன்னு மோரை வாங்கிட்டுப் போயிட்டா.

அப்புறம் கொஞ்ச நேரத்துல மறுபடியும் டொக் டொக் டொக். "சல்லடையைக் குடுத்துட்டுப் போக வந்தேன்"னா. சல்லடை மயிலாயியோடதே இல்ல! ஆனா காத்தாயி பாக்க வேண்டியதைப் பாத்துட்டா. ஒரு துணியில ஒரு கை காஞ்ச மிளகா முடிஞ்சு வச்சிருந்துச்சு.

அப்புறம் மூணாவது தடவை டொக் டொக் டொக். "என் கோழி இந்தப் பக்கம் வந்துச்சா?"ன்னா. காத்தாயி கோழியே வளக்கலடி! அப்போ மயிலாயி அரிசிப் பையை உதறி, வெறும் பையா, ஒரு மணி அரிசி இல்லாம, மடிச்சு மூட்டைக்குள்ள வச்சுக்கிட்டிருந்தா.

என்ன சிரிக்கிற? கண்ணை மூடு.

காத்தாயி தெருவுக்கு ஓடினா. "வாங்கடி! சூட்சுமம் தெரிஞ்சுபோச்சு! இடது குதிகாலுக்கு மெத்தை! மூட்டையில மிளகா! அரிசி எடுக்கக் கூடாது, வெறும் பைதான்! அதுதான் முருகனுக்குப் புடிக்கும் போல!"ன்னா. அவ ஏழு மடிப்பு வச்சா நாம பதினாலு வைப்போம்னா ஒருத்தி. அவ ஒரு கை மிளகான்னா நாம ஒரு படின்னா இன்னொருத்தி. பத்து வீட்டுலயும் சாயங்காலம் பூரா சரக் சரக் சரக் சரக். மிளகா நெடியில தெருவே தும்முச்சு, ஹச்சு, ஹச்சு!

"ம். மயிலாயி ஏன் மெத்தை வச்சா?"

நல்லாக் கேட்ட. அதுதான் யாருக்கும் தெரியாது. மயிலாயிக்கு இடது காலு குட்டை. ரொம்ப இல்ல, ரெண்டு விரல் அகலம். பொறப்பே அப்படி. வீட்டுல நடக்கையில இடது கால்ல நுனி வெரலை ஊனி எட்டு வைப்பா. ஊர்ல அதைப் பாத்துட்டு, "மயிலாயி என்ன ஒயிலா நடக்குறா"ம்பாங்க. சேலை தரையைத் தொடுற மாதிரி கட்டிக்குவா, ஒண்ணும் தெரியாது. ரோட்டுல நடக்கையில மெத்தையை வச்சுத் துணி சுத்திக்குவா, ரெண்டு காலும் சமமாயிரும்.

ஏன் மறைச்சான்னா, அவளுக்குப் பத்தொம்பது வயசுல ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. இலை போட்டுப் பந்தியில ஒக்காந்தாச்சு, பாயசம் வரப்போகுது. அப்போ யாரோ காதுல ஓதிட்டாங்க, பொண்ணுக்குக் காலு குட்டைன்னு. அவ்வளவுதான். சரட்டுனு இலையை மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. பாயச வாளியோட நின்னது யாரு? மயிலாயிதான். அப்புறம் சோலையன்னு ஒரு நல்ல மனுசன், தெரிஞ்சே, கட்டிக்கிட்டுப் போனான். ஆனா அந்த இலை மடிச்ச சத்தம் இவ காதுல அப்படியே இருந்துச்சு. வாகைப்பட்டியில சோலையனைத் தவிர ஒரு சனத்துக்கும் தெரியக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா. எனக்கு அந்தப் பந்திக்காரங்க மேல இன்னைக்கும் கோவம்தான். பாயசம் என்ன பாவம் பண்ணுச்சு?

சரி. மறுநாள் விடிஞ்சுச்சு. "வேல் வேல்! வெற்றி வேல்!"னு கெளம்பினாங்க. மயிலாயி முன்னாடி, ஜம்முனு நடக்குறா. பின்னாடி சத்தம் கேக்குது. தொப்பு-டக்கு, தொப்பு-டக்கு, தொப்பு-டக்கு. "என்னடா இது, புதுசா நடக்குறவங்க இப்படித்தான் நடப்பாங்க போல"ன்னு நெனைச்சுக்கிட்டா. பத்துப் பேருக்கும் ரெண்டு காலும் சமம். அதுல ஒரு காலுக்கு மட்டும் பதினாலு மடிப்பு வச்சா என்ன ஆகும்? பத்துப் பேரும் வலது பக்கமா சாஞ்சுக்கிட்டே, ரோட்டை விட்டு வலது பக்க வயலுக்குள்ள எறங்கி எறங்கி ஏறுறாங்க!

மத்தியானம் ஆச்சு. ஒரு புளியமரத்து நெழலுல கட்டுச்சோத்தைத் தின்னாங்க. மயிலாயிக்கு மத்தியானம் சாப்பிட்டா நடக்கையிலேயே கண்ணு சொக்கும், அது அவ ஒடம்பு வாகு. அதுக்குத்தான் மிளகா. ஒண்ணை எடுத்து நுனியில லேசா ஒரு கடி, முழிப்பு வந்துரும். அவ கடிச்சதைப் பாத்தாங்க பத்துப் பேரும். ஆளுக்கு ஒரு முழு மிளகா, நறுக்குனு!

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ் ஆஆஆ!"

குதிக்கிறாங்க, நாக்கை நீட்டுறாங்க, தண்ணி தண்ணிங்கிறாங்க. மடக் மடக் மடக்னு ஒரு நாளைக்கு வச்சிருந்த தண்ணி ஒரே நொடியில காலி. மயிலாயி திருதிருன்னு முழிச்சா. "ஏன் மதினி, உங்களை யாரு மிளகாயைத் தின்னச் சொன்னது?"ன்னா. காத்தாயி கண்ணுல தண்ணியோட, "எங்களுக்கும் எல்லாம் தெரியும்டி, நீ ஒளிக்காத!"ன்னா.

"ம்... ம்."

அப்புறம் சாயங்காலம். மொத நாளு தங்குறது மயிலாயி பொறந்த ஊரு. வருஷா வருஷம் அவ ஆத்தா அவ பையில அரிசி, பொரிகடலை, கருவாட்டு... இல்ல இல்ல, மாலை போட்டவங்களுக்கு ஏது கருவாடு, என் வாயில அடி. அரிசி, பொரிகடலை, வெல்லம் எல்லாம் நெறைச்சு விடுவா. அதுக்குத்தான் வெறும் பை. வாகைப்பட்டியிலேர்ந்து அரிசியைச் சொமந்துக்கிட்டு வருவானேன்? அப்போ இவ பையை நீட்டினா. பின்னாடி பாத்தா, சர்ருனு பத்து வெறும் பை நீளுது.

ஆத்தாக்காரி பையைப் பாத்தா. அப்புறம் பத்துப் பேரும் நடந்து வந்த நடையைப் பாத்தா. தொப்பு-டக்கு, தொப்பு-டக்கு. "ஏண்டி மயிலு, இத்தனை பேருக்குமா காலு..."ன்னு ஆரம்பிச்சா. மயிலாயி முறைச்ச முறைப்புல டப்புனு வாயை மூடிக்கிட்டா. வீட்டுல இருந்த அரிசி பூராவும் அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கே தீந்துபோச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு வழியில ஒரு வீடு வாசல் கெடையாது. இப்போ மாதிரி அடிக்கொரு சாப்பாட்டுப் பந்தலும் அப்போ இல்ல.

அப்போதான் மயிலாயிக்கு எல்லாம் வெளங்குச்சு. என் மூட்டையைப் பாத்து மூட்டை கட்டியிருக்காளுகன்னு. அந்த எடத்துலயே சொல்லியிருக்கலாம். சொன்னாளா? சொல்லல. நெஞ்சு வரைக்கும் வந்துச்சு, இலை மடிச்ச சத்தம் கேட்டுச்சு, முழுங்கிட்டா. "மதினி, அந்த மெத்தையை மட்டும் கழட்டிருங்க. அது உங்களுக்கு ஆகாது"ன்னா. "உனக்கு ஆகும், எங்களுக்கு ஆகாதா? நீ மட்டும் மொதல்ல போய் நிக்கணும், நாங்க விழுந்து கெடக்கணுமா?"ன்னா காத்தாயி. அன்னைக்கு எல்லாரும் முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டாங்க.

மறுநாள் மத்தியானம் ஆகுறதுக்குள்ள ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்கு முதுகு. "யம்மா", "யப்பா"ன்னு ஒக்காருறாங்க, எந்திரிக்கிறாங்க, ஒக்காருறாங்க. நடக்க வேண்டிய தூரத்துல பாதிதான் நடந்திருக்காங்க. இப்படியே போனா உத்திரம் முடிஞ்சு மறுநாள்தான் பழனி போய்ச் சேர முடியும். ஒரு வாய்க்கா பாலம் வந்துச்சு. அந்தப் பாலத்துச் சுவத்துல ரஞ்சிதம் ஒக்காந்தவ ஒக்காந்தவதான். எந்திரிக்கல.

"யக்கா, நீங்க போங்க. நான் திரும்புறேன். என் புள்ளைக்கு மலையில முடி எறக்கக் குடுத்து வைக்கல. அவரு பஸ்ஸுல புள்ளையத் தூக்கிட்டு வந்து, என்னைத் தேடித் தேடிப் பாத்துட்டுத் திரும்பிப் போவாரு"ன்னு சொல்லி, சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அழுதா. சத்தமே வரல. தோளு மட்டும் குலுங்குச்சு.

மயிலாயி அவளைப் பாத்தா. இவளை நான்தானே கொண்டு போய்ச் சேக்குறேன்னு சொன்னேன்? ஒரு வார்த்தை சொன்னா இவ எந்திரிச்சு நடப்பா. சொன்னா, இந்தப் பத்துப் பேரும் நாளைக்கு என்னை நொண்டிம்பாங்க. காத்தாயி தும்மினாலே எல்லை வரைக்கும் கேக்கும், இதைச் சொன்னா எதுவரைக்கும் கேக்கும்?  கோவம் வந்துச்சு, அவ மேலயே கோவம். "போடி, ஒரு புள்ளையோட முடியை விடவா உன் காலு பெருசு?"ன்னு அவளை அவளே திட்டிக்கிட்டா.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

விறுவிறுன்னு கால்ல சுத்தின துணியை அவுத்தா. மெத்தையை எடுத்து ஓரமா வச்சா. சேலையைக் கெண்டைக்காலு வரைக்கும் தூக்கிக்கிட்டா. அந்தப் பாலத்துச் சிமிண்டுத் தரையில, எல்லார் முன்னாடியும், நட்டு வச்ச மாதிரி நேரா நின்னா. வலது காலு தரையில. இடது குதிகாலு தரையைத் தொடல. நடுவுல ரெண்டு விரல் எடைவெளி.

"பாத்துக்கங்க. எனக்கு ஒரு காலு குட்டை. அதுக்குத்தான் மெத்தை. உங்களுக்கு ரெண்டும் சமம், உங்களுக்கு எதுக்கு? எனக்கு மத்தியானம் தூக்கம் வரும், அதுக்கு மிளகா. அது என் ஆத்தா வீடு, அதுக்கு வெறும் பை. இதுல முருகனும் இல்ல, சூட்சுமமும் இல்ல. மொதல்லயே சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. என் தப்பு"ன்னா.

  காத்தாயிகூட வாயைத் தொறக்கல, நெனைச்சுப் பாரு!

அப்புறம் காத்தாயி மெதுவா இடுப்பைப் புடிச்சுக்கிட்டு வந்தா. மயிலாயி காலுகிட்ட ஒக்காந்தா. அந்த எடைவெளியில ரெண்டு விரலை வச்சுப் பாத்தா. ரெண்டு விரலும் சரியா நுழைஞ்சுச்சு. "ஏண்டி"ன்னா.  "ஒண்ணரை நாளு கோணையா நடந்ததுக்கே எனக்கு இடுப்பு கழண்டுபோச்சு. நீ பொறந்ததுலேர்ந்தா?"

  காத்தாயிதான் அந்த மெத்தையை எடுத்து, தூசியைத் தட்டி, தன் கையாலயே அவ குதிகாலுல வச்சுத் துணியைச் சுத்தி முடிச்சுப் போட்டா. "இவ்வளவு இறுக்கம் போதுமா, வலிக்குதா?"ன்னு கேட்டா. அதுக்கு மேல மயிலாயி அழாம இருப்பாளா? அழுதா. நல்லா அழுதா. நானா இருந்தாலும் அழுதிருப்பேன்.

அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, "சரி, ஒவ்வொருத்தியும் மூட்டையை அவுத்துப் போடுங்க. இப்போ மறுபடியும் கட்டுவோம். வெக்கப்படாம சொல்லணும். யாருக்கு என்ன வேணும்?"ன்னா. பாலத்து மேலயே பத்து மூட்டையும் அவுந்துச்சு. பதினாலு மடிப்பு மெத்தையெல்லாம் பொத்து பொத்துன்னு வெளிய விழுந்துச்சு. ஒருத்தி சொன்னா, "எனக்கு இருட்டினா கண்ணு மங்கும், யாராச்சும் கையைப் புடிச்சுக்கணும்." டார்ச் லைட்டு அவ மூட்டைக்குப் போச்சு, அவ கை பக்கத்துல நின்னவ கைக்குப் போச்சு. காத்தாயி, "எனக்கு முட்டி. ரெண்டு வருஷமா. யார்கிட்டயும் சொன்னதில்ல"ன்னா. அந்த வாயே சொல்லாத சேதி ஒண்ணு இருந்துச்சு பாரேன்! வேப்பெண்ணெய்க் குப்பி அவளுக்கு.

ரஞ்சிதம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "யக்கா, எனக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலிக்குது. ரவிக்கை பூரா நனைஞ்சுருது. பாதி அதனாலதான் நடக்க முடியல"ன்னா. "அட கூறுகெட்டவளே, இதைச் சொல்ல ரெண்டு நாளா?"ன்னு ரெண்டு பேரு அவளை வாய்க்கா ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாலைப் பீச்சி விட்டாங்க. மெத்தையில மடிச்சிருந்த நல்ல துணியெல்லாம் பிரிச்சு, அவளுக்கு மாத்தி மாத்தி வைக்கக் குடுத்தாங்க. காலுக்கு ஆகாத துணி நெஞ்சுக்கு ஆச்சு.

"ம். சோறு?"

சோத்துல குறியா இரு! மிளகா இருக்குல்ல? பத்துப் படி மிளகா! பாலத்துலேர்ந்து ரோட்டை விட்டு விலகி, குறுக்கா ஒரு நாழி நடந்தா ஒரு ஊர்ல சந்தை. மயிலாயி மிளகாயைக் கொட்டி, "நல்ல வாகைப்பட்டி மிளகா, தின்னா நாக்கு எரியும், நாங்களே சாட்சி!"ன்னா. காத்தாயி நாக்கை நீட்டிக் காமிச்சா. சந்தையே சிரிச்சுச்சு. மிளகாயைக் குடுத்து அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் வாங்கிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தாங்க பாரு ஒரு நடை! டக்கு-டக்கு-டக்கு-டக்கு. காலையில நாலு மணிக்கே கெளம்புவாங்க, வெயில் ஏறினா ஒதுங்குவாங்க, சாயங்காலம் மறுபடியும். "அரோகரா"ன்னா ஒருத்தி, "அரோகரா"ன்னு பத்துப் பேரு. விட்ட தூரத்தைப் புடிச்சு, உத்திரத்தன்னைக்குக் காலையில பழனியில கால் வச்சுட்டாங்க.

ஆனா பழனியில கூட்டம்! எள்ளு போட்டா எள்ளு விழாது. காவடி, கொம்பு, மேளம், டமடமடமடம். ரஞ்சிதம் எக்கி எக்கிப் பாக்குறா, புருஷனைக் காணோம், புள்ளையக் காணோம். எல்லாத் தலையும் ஒரே தலையாத் தெரியுது. அப்போ தூரத்துல, அடிவாரத்து மண்டபத்துப் பக்கம், புள்ளையத் தோளுல வச்சுக்கிட்டு ஒருத்தன் அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சதைக் காத்தாயி பாத்துட்டா. வாயில ரெண்டு கையையும் குவிச்சுக்கிட்டா. பழனி மலையே அதிர்ற மாதிரி ஒரு கத்து.

"ஏய் தம்பீ! இங்கிட்டுப் பாரு! ஒரு காலு குட்டையா ஒருத்தி நிப்பா! அவதான் எங்க தலைவி! அவளைப் பாத்து வா!"

ஆயிரம் தலை திரும்புச்சு.

 எதை யாரும் கேக்கக்கூடாதுன்னு மயிலாயி இத்தனை வருஷம் பயந்தாளோ, அதை ஊரே கேட்டுருச்சு, உலகமே கேட்டுருச்சு. ஒரு மூச்சு நின்னா. அப்புறம் பாத்தா, ஒண்ணும் ஆகல. யாரும் எந்திரிச்சுப் போகல. மேளக்காரன் மேளம் அடிச்சுக்கிட்டேதான் இருக்கான். தோளுல புள்ளையோட ரஞ்சிதம் புருஷன் கழுத்தை நீட்டி நீட்டி அவளைத்தான் தேடுறான்.

மயிலாயி பக்கத்துல இருந்த கல்லு மேல ஏறினா. சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல தூக்கிச் சொருகிக்கிட்டா. இடது காலை நல்லாத் தெரியுற மாதிரி நீட்டிக்கிட்டு, காத்தாயியை விடச் சத்தமா, "நான்தான் அது! இங்க வாப்பா! உன் பொண்டாட்டி நடந்தே வந்துட்டா!"ன்னு கத்தினா.

அவன் அவ காலைப் பாத்துக்கிட்டே கூட்டத்துல வழி புடிச்சு வந்து சேந்தான். புள்ளை ரஞ்சிதம் மேல தாவுச்சு. அப்புறம் மலை மேல, முருகன் காலடியில, கர்க் கர்க் கர்க்னு முதல் முடி எறங்குச்சு, சந்தனம் பூசின மொட்டைத் தலை மினுமினுன்னு மின்னுச்சு.

"..."

ம் வரல. அப்போ சரி. கதை மலை ஏறிருச்சு, நீ தூக்கத்துல எறங்கு, என் தங்கம்.